சின்னப் பிள்ளையிட்ட என்னத்தைக் கேக்கிறது

நீதிமன்றத்திலும் பொலிசிலும் தமிழுக்கும் யேர்மன் மொழிக்கும் நடுவில் கதிரை போட்டு மொழிபெயர்க்க உட்காரப் போகிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் யேர்மன் என்னுடையதைவிட எவ்வளவோ நல்லது. நீங்கள் இங்கே பிறந்தவர்கள், அல்லது பாலர் பள்ளிக்கே இங்கே போனவர்கள். நான் வளர்ந்த பிறகு வந்து இறங்கி, கடையிலும் பஸ்ஸிலும் ஆட்களின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டவள். ஆகவே மொழியைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. எடுத்தாலும் நீங்கள் மேசைக்குக் கீழே கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்த்து என்னைத் திருத்திவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

போன முறை சந்தித்தபோது உங்களில் ஒரு பிள்ளை கேட்டாள்: "அக்கா, வேலையை விட்டாப்பிறகு உங்களுக்கு என்ன குறையுது?" நீதிமன்றத்துக் கோப்பி என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தீர்கள். அது பொய். அந்த இயந்திரக் கோப்பியை எனக்குப் பிடிக்காத ஆட்களுக்குக்கூட நான் வாங்கிக் கொடுக்க மாட்டேன்.

எனக்குக் குறைவது முடிவுகள். நாங்கள் ஆட்களின் வாழ்க்கையில் நடுவில் ஏறி நடுவில் இறங்கிவிடுகிறவர்கள். அவர்களுடைய மிகக் கெட்ட நாளில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்காருகிறோம், அவர்கள் "நான்" என்று சொன்னால் நாங்களும் "நான்" என்று சொல்கிறோம், பிறகு கட்டணச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிடுகிறோம். பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்று விசாரிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. தெருவில் கண்டாலும் அவர்கள் முதலில் கதைத்தால் ஒழிய நாங்கள் கதைக்கக் கூடாது. இது நல்ல விதி. நானும் கடைசிவரை காத்தேன். ஆனால் அந்த விதியோடு வாழ்வது எப்படியென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் உங்களுக்கும் என்னால் சொல்லித் தர முடியாது. ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் சொல்வேன். பெயர் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். டோர்ட்மண்டில் ஒரு தாயும் மகளும். தகப்பன் பிரிந்து போய்க் கனகாலம். தாய்க்கு அலுவலகங்கள் துப்புரவு செய்கிற வேலை, விடியுமுன் தொடங்கும், அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஓடாது. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த ஓர் இளைஞன் தன் காரில் தாயை வேலைக்குக் கொண்டுபோய் விடுவான். இருபத்தெட்டு வயது இருக்கும். குடி இல்லை, சிகரெட் இல்லை, வார இறுதியில் தமிழ்ப் பாடசாலைக்குக் கதிரை தூக்கிக் கொடுப்பான். எல்லாரும் நல்ல பொடியன் என்றார்கள். மகளுக்கு வயது பதின்மூன்று.

என்ன நடந்தது என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது அந்தப் பிள்ளைக்குரியது. நடக்கக் கூடாதது நடந்தது, ஒரு தரம் அல்ல. தாய்க்கு அது தெரியவந்தபோது அவள் கத்தவில்லை, பொலிசுக்குப் போகவில்லை. எங்கள் ஆட்கள் எதைச் செய்வார்களோ அதைச் செய்தாள். பெரிய மனுசர் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து இரண்டு பக்கமும் கதைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே நாலைந்து பேரை வைத்து மோதிரம் மாற்றி, பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் கலியாணம் என்று பேசி முடித்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனார். பிழை நேராகிவிட்டது என்று தாய் நிம்மதியாகப் படுத்தாள். அடுத்த கிழமை பிள்ளை பாடசாலையில் வகுப்பாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

பொலிசில்தான் நான் அவர்களை முதலில் கண்டேன். பிள்ளைக்கு நான் தேவையே இல்லை. அவளுடைய யேர்மன் அங்கே விசாரித்த பொலிஸ்காரியினுடையதைப் போலவே இருந்தது. நான் தாய்க்காக அழைக்கப்பட்டவள். வீட்டில் இரண்டு பேரும் தமிழில்தான் கதைத்தார்கள், ஆனால் அந்தப் பிள்ளையின் தமிழில் சாப்பாடு இருந்தது, குளிர் இருந்தது, "சப்பாத்தைக் கழட்டு" இருந்தது. இந்த விஷயத்தைச் சொல்ல அந்தத் தமிழ் போதவில்லை. தாயின் யேர்மனிலோ டெர்மினும் அன்ட்ராக்கும் மட்டும் இருந்தன. அதாவது எந்த அலுவலகத்துக்கு எப்போது போவது, எந்த விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்து வைப்பது, அவ்வளவுதான்.

நடைபாதையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணைப் பொலிஸ்காரி வந்து, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று பிள்ளையைக் கேட்டாள். தாய் எனக்குச் சொன்னாள்: "அவளுக்கு வேண்டாம்." பொலிஸ்காரி பிள்ளையையே திரும்பவும் பார்த்துக் கேட்டாள். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவளுடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது. பொலிஸ்காரி ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, தாயையும் என்னையும் உள்ளே கூட்டிப் போனாள். நாங்கள் திரும்பி வந்தபோது கிளாஸ் காலியாக இருந்தது.

உள்ளே நடந்தது சுருக்கமாக இதுதான். தாய் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்.

"அவன் அடிக்கேல்லை, வெருட்டேல்லை. அவளும் ஓம் எண்டுதானே சொன்னவள். இதில என்ன குற்றம்?"

பொலிஸ்காரி திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். பதினாலு வயது ஆகாத பிள்ளை ஓம் என்றாலும் இல்லை என்றாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். அடித்தானா வெருட்டினானா என்று சட்டம் கேட்பதே இல்லை. அதுவும் நடந்திருந்தால் அது வேறொரு குற்றம், இதற்கு மேலே வரும். நான் இரண்டையும் அங்குமிங்குமாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் மறுபக்கம் போய்ச் சேரவில்லை.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் வயது மாறும் என்பார்கள். இங்கே டோர்ட்மண்டிலும் மியூனிக்கிலும் ஹம்பேர்க்கிலும் ஒரே குற்றச் சட்டம்தான். பதினாலுக்குக் கீழே என்றால் பிள்ளை. அந்தப் பிள்ளையின் சம்மதம் என்று ஒன்று கிடையாது. அப்போது அடிப்படைக் குற்றத்துக்கே பத்து வருடம் வரை சிறை, பாரதூரமானதற்கு அதைவிடக் கடுமை. பதினாலு முடிந்து பதினாறு முடியாத வயது என்றால் கேள்வி மாறும். மூத்தவர் அந்தப் பிள்ளையின் முதிராமையைத் தனக்கு வாய்ப்பாக எடுத்துக்கொண்டாரா என்று நீதிமன்றம் பார்க்கும். படிப்பிக்கிறவர், தொழில் பழக்குகிறவர், வளர்க்கிறவர் என்று பொறுப்பில் இருக்கிறவர் என்றால் எல்லை இன்னும் மேலே போகும், சில நிலைமைகளில் பதினெட்டு வரை. பிறகு எத்தனையோ திருத்தம் வந்துவிட்டது, புதியதை நீங்களே படியுங்கள். சட்டத்தை விளக்குவது எங்கள் வேலை இல்லை. ஆனால் உங்களுக்கு விளங்காத ஒன்றை உங்கள் வாயால் மற்றவருக்கு விளங்க வைக்க முடியாது. இன்னொன்று, தயவுசெய்து இதற்கு எங்கள் பத்திரிகைக்காரரின் "கற்பழிப்பு" என்ற சொல்லைப் போடாதீர்கள். அங்கே ஒருவன் குற்றம் செய்தான். பிள்ளையிடம் எதுவும் அழியவில்லை.

மோதிரம் மாற்றிய கதையும் வெளியே வந்ததால், யூகன்ட்அம்ற், அதுதான் சிறுவர்களைப் பார்க்கிற அலுவலகம், பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்து ஒரு விடுதியில் விட்டது. தெரிந்தும் காப்பாற்றாத தாயிடம் பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பிழை சொல்ல முடியாது. ஆக, அந்த இளைஞனுக்கு எத்தனை வருடம் என்பது மட்டுமல்ல, அந்தப் பிள்ளை வீட்டுக்குத் திரும்புவாளா என்பதும் இந்த வழக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முடிவெடுப்பது வேறு நீதிமன்றம் என்றாலும், இங்கே தாய் என்ன சொல்கிறாள் என்று கேட்க அந்த அலுவலகத்துப் பெண் ஒருத்தி வந்து பின்வரிசையில் உட்காரப் போகிறாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

வழக்குக்கு முன்னால் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. மோதிரம் மாற்றி வைத்த அந்தப் பெரிய மனுசர். என் இலக்கத்தை யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை, எங்கள் ஆட்களிடம் அதைக் கேட்டுப் பயனில்லை.

"அக்கா, நான் பொடியனுக்காகக் கதைக்கேல்லை. அவன் செய்ததுக்கு அவன் அனுபவிக்கட்டும். ஆனால் தாயும் பிள்ளையும் சேரோணும். அந்த மனுசிக்குக் கதைக்கத் தெரியாது. வாயில வந்ததைச் சொல்லிப் போட்டு நிக்கும். நீங்கள் நல்ல யேர்மனில கொஞ்சம் அழகாச் சொல்லி விடுங்கோவன். ஆருக்கும் ஒரு நட்டமும் இல்லை."

"அண்ணை, அவ சொல்லுறதைத்தான் நான் சொல்லுவன்" என்றேன்.

"நீங்களும் எங்கட ஆள்தானே அக்கா."

"ஓம். அதுதான் என்னைக் கூப்பிட்டவை."

போனை வைத்துவிட்டேன், ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தக் கதை என்னை விடவில்லை. இலஞ்சம் தருகிறேன் என்று யாராவது வந்தால் விரட்டுவது சுலபம். இந்த மனிதர் கேட்டது நானும் விரும்பியதையே. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் அம்மா இறந்த பிறகு என்னைப் "பிள்ளை" என்று கூப்பிடவும் ஆள் இல்லை. ஒரு தாயும் ஒரு பிள்ளையும் ஒரே நகரத்தில் இரண்டு இடத்தில் தனியாகச் சாப்பிடுவதை என்னால் நினைக்க முடியவில்லை.

வழக்கு நாள் வந்தது. இளைஞனுக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் தாயோடு. தலைமை நீதிபதி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பிறகு மேசையில் தேடுகிற ஆள். தாயை முதலில் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

தாய் கேள்வி வருமுன்னே கைப்பையைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து நீதிபதியின் மேசையில் வைத்தாள். உறையில் போட்டு, கசங்காமல் கொண்டுவந்திருந்தாள். அவள் மனதில் அது அவளுடைய நல்ல பெயருக்கான அத்தாட்சி.

"நாங்கள் ஒண்டையும் மறைக்கேல்லை. முறையாக் கதைச்சு முடிச்சனாங்கள். பிள்ளையை நடுத்தெருவில விடேல்லை" என்றாள்.

நான் அதை யேர்மனில் சொல்லும்போதே பிள்ளையைத் திரும்பப் பெற அவள் வைத்திருந்த சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். நீதிபதி நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் படத்தைக் கனநேரம் பார்த்தார். பெரிய ஆளின் சேலையைச் சுற்றிக்கொண்டு பிள்ளை நடுவில் நிற்கிறாள். எல்லாரும் கமராவைப் பார்க்க, அவள் மட்டும் தாயைப் பார்க்கிறாள்.

நீதிபதி மெல்லக் கேட்டார்: "மோதிரம் மாற்றுவதற்கு முன்பு, யாராவது பிள்ளையிடம் கேட்டீர்களா?"

நான் அதைத் தமிழில் கேட்டேன். தாய் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாள், நீதிபதி படித்தவரா என்று சந்தேகப்படுகிற பார்வை.

"சின்னப் பிள்ளையிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இங்கேதான் நில்லுங்கள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் உங்களுக்கு இருக்கும். எனக்கும் அவ்வளவுதான் இருந்தது. பின்வரிசையில் அந்தப் பெண் பேனாவோடு இருக்கிறாள். இந்த வாக்கியத்தை அப்படியே சொன்னால், பிள்ளையை ஒரு பொருட்டாகவே எண்ணாத தாய் என்று எழுதிக்கொண்டு போவாள், பிள்ளை விடுதியிலேயே வளர்வாள் என்று எனக்குப் பட்டது. "இந்த வயதில் பிள்ளையின் தலையில் இப்படிப்பட்ட பாரத்தை ஏற்ற நான் விரும்பவில்லை" என்று சொல்லலாம். அதே கருத்துத்தான் என்று யாரும் வாதாடலாம். அந்த யேர்மன் வாக்கியம் என் நாக்கின் நுனியில் தயாராக, அழகாக, இலக்கணம் திருத்தி நின்றது. பெரிய மனுசர் கேட்டதும் அதைத்தானே.

நான் அதைச் சொல்லவில்லை. சத்தியம் செய்தவள் என்பது ஒரு காரணம், மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம், அந்தக் கேள்வி அவளுடையது, அவள் மனதறிந்து கேட்டது. அதை அவளிடமிருந்து எடுத்துவிட்டு என்னுடையதை வைக்க நான் யார்? அவளைப் போலவே, அதே ஆச்சரியத்தோடு, அதே வெறும் சொற்களில் சொன்னேன். சின்னப் பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது. என் குரல் எனக்கே கொடுமையாகக் கேட்டது.

பின்வரிசையில் பேனா ஓடியது. இளைஞனின் சட்டத்தரணி, இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்ட காதல் என்று அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர், தலையாட்டுவதை நிறுத்தினார். நீதிபதி தாயைப் பார்த்து, சட்டப் புத்தகம் இல்லாத ஒரு குரலில் கேட்டார்:

"உங்கள் மகளிடம் எதையும் கேட்கக்கூட முடியாது, அவ்வளவு சின்னப் பிள்ளை என்கிறீர்கள். அப்படியானால் அவள் ஓம் என்று சொன்னதாகப் பொலிசில் சொன்னீர்களே, அதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?"

நான் அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டுத் தமிழில், அவள் சமையலறையில் கேட்கிற மாதிரி.

பொலிஸ்காரி சொல்லியிருக்கிறாள், அலுவலகத்துப் பெண் சொல்லியிருக்கிறாள், சட்டத்தரணி தாளில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். பதினாலு, பிள்ளை, சம்மதம் செல்லாது. மாதக்கணக்காக நானே எத்தனை தரம் மாற்றி மாற்றிச் சொல்லியிருப்பேன். ஒன்றும் உள்ளே போகவில்லை. இப்போது அவளுடைய சொந்த வாக்கியமே அவளிடம் திரும்பி வந்து நின்றது. நான் அதை அழகாக்கியிருந்தால் அது திரும்பி வந்திருக்காது.

"எனக்குத் தெரியேல்லை" என்றாள் கடைசியில். "நான் அதை யோசிக்கேல்லை."

பிறகு பிள்ளையின் முறை. இளைஞனை வெளியே கொண்டுபோனார்கள். அந்த வயதுச் சாட்சியை நீதிபதி மட்டும்தான் கேட்கலாம், மற்றவர்கள் கேட்க வேண்டியதை அவரிடம் சொல்ல வேண்டும். சாட்சி சொல்லி முடித்த தாய் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை உள்ளே வந்து எங்களுக்கு முதுகு தெரிய உட்கார்ந்தாள். முன்பு நீட்டுப் பின்னல் இருந்தது, இப்போது தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள்.

பிள்ளை யேர்மனில் சொன்னாள். நான் தாயின் காதில் தமிழில் சொன்னேன், "நான்" என்று. அவள் சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

"எனக்கு வேண்டாம் எண்டு இருந்தது. ஆனால் நான் மாட்டன் எண்டு சொன்னால் அவர் அம்மாவை வேலைக்குக் கொண்டுபோய் விடமாட்டார். அம்மாவுக்கு வேலை போயிடும். அதுதான் ஓம் எண்டு சொன்னனான். மோதிரம் போட்ட அண்டைக்கு, அம்மா என்னைப் பாத்துக் கேப்பா எண்டு நிண்டு கொண்டிருந்தனான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

நாங்கள் பக்கத்தில் இருந்து காதுக்குள் சொல்கிறபோது ஆட்கள் எங்களைப் பார்ப்பதில்லை, பேசுகிறவரைத்தான் பார்ப்பார்கள். தாயும் அதுவரை அந்த வெட்டிய தலைமயிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் அவள் என் பக்கம் திரும்பி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

சத்தமாகவே கேட்டுவிட்டாள். மண்டபம் முழுக்கத் திரும்பியது. அவள் என்னைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "பிள்ளை" என்ற அந்தச் சொல் என் முகத்துக்கு நேரே வந்தது. அந்தக் கையை இறுக்கிப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஏக்கமாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு ஆறுதல், ஒரே ஒரு "அழாதேங்கோ". அந்த இடத்துக்கு நான் உரியவள் இல்லை. உரியவள் நாலு எட்டுக்கு அப்பால் முதுகைக் காட்டி இருந்தாள்.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தேன். பிள்ளை இருந்த பக்கம் பார்த்து, தாய் கேட்டதை அப்படியே யேர்மனில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். சாட்சியோடு தாய் கதைக்கக் கூடாது, நீதிபதி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தேடாமலேயே கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை திரும்பினாள். அன்று அவள் அந்த மண்டபத்தில் தமிழ் பேசியது அப்போதுதான்.

"நீங்கள் கேக்கேல்லை, அம்மா."

நீதிமன்றத்தின் மொழி யேர்மன். ஆகவே அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தேன். என் குரல் எப்படி இருந்தது என்று தெரியாது, நீதிமன்றப் பதிவு எழுதுகிற பெண் மட்டும் இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டாள். இன்னொரு தரமும் சொன்னேன்.

இடைவேளை விட்டார்கள். நடைபாதையில் தாய் இயந்திரத்தில் ஒரு கடதாசிக் குவளையில் தண்ணீர் எடுத்தாள். பிள்ளை விடுதிப் பொறுப்பாளரோடு இருந்த அறைக் கதவுக்கு முன்னால் போய், தட்டலாமா வேண்டாமா என்று நின்றாள். தண்ணீர் குவளைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அலுவலகத்துப் பெண் சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுதவில்லை. அந்த நேரம் பார்த்து நீதிமன்றத்தின் மேல்மாடியிலிருந்து என்னைக் கூப்பிட ஆள் வந்தது, இன்னொரு வழக்கு, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நிற்கிறார்கள். தாயின் பகுதி முடிந்துவிட்டது, நீங்கள் போகலாம் என்று என்னை விட்டுவிட்டார்கள். நான் படியேறினேன். கதவு திறந்ததா என்று எனக்குத் தெரியாது.

இளைஞனுக்குச் சிறை கிடைத்தது, சில வருடங்கள், வெளியில் இருந்து கழிக்க முடியாத சிறை. அது சக மொழிபெயர்ப்பாளர் சொல்லித் தெரியும். பிள்ளை வீட்டுக்குப் போனாளா என்பதை யாரிடமும் கேட்க முடியாது. நான் கேட்கவில்லை. ஆனால் தேடினேன், அதை மறைக்க மாட்டேன். தேர்த் திருவிழாச் சனத்துக்குள், சுரங்க ரயிலில், கலை விழாக்களில் ஆடி முடித்து வரிசையாக நிற்கிற பெண்பிள்ளைகளில், கழுத்தளவு தலைமயிரோடு யாராவது நின்றால் பார்ப்பேன். எத்தனையோ வழக்கு செய்தேன், பெரிய பெரிய வழக்கெல்லாம். அந்தக் குவளைத் தண்ணீர் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சில வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, எங்கள் ஆட்களின் கடை ஒன்றில் கறித்தூள் வாங்கப் போனேன். அரிசி மூட்டைகளுக்கு அப்பால், குளிர்பெட்டிக்கு முன்னால் தாய் நின்றாள். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு வளர்ந்த பெண், முதுகில் பெரிய பை, தலைமயிர் மறுபடி வளர்ந்து தோளுக்குக் கீழே. என் கால் அவர்கள் பக்கம் ஒரு அடி வைத்தேவிட்டது. பிறகு நின்றேன். அவர்கள் என்னைக் காணவில்லை. அவர்கள் முதலில் கதைத்தால் ஒழிய நாங்கள் கதைக்கக் கூடாது.

தாய் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்துக் கேட்டாள்:

"என்ன குடிக்கப் போறாய்? உனக்கு என்ன விருப்பம்?"

மகள் ஒவ்வொரு போத்தலாகப் பார்த்தாள், ஒன்றை எடுத்தாள், திரும்ப வைத்தாள், யோசித்தாள். குளிர் வெளியே வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் "அக்கா, கதவைச் சாத்துங்கோ" என்றார். தாய் சாத்தவில்லை. ஒன்றையும் தானாக எடுத்துக் கொடுக்கவும் இல்லை. மகள் சொல்லும்வரை அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கறித்தூள் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.